பன்னிரண்டில் ஏழாவது மீசை

குற்றாலம்,
மார்கழி மாதம், சாரலும் அலுப்புமான ஒரு மத்தியானம்.

காவல்துறையிலிருந்து தாம் ஓய்வு பெற்றும் மீசைக்கு ஓய்வு கொடுக்காதவரும், என் மகளுக்கு ஒரே தாய்மாமனுமாகிய மச்சான் சிவனணைந்தபெருமாள் அவர்களுக்கு, உம் தங்கச்சியைக் கட்டிய நாளிலிருந்து உமக்கு அடங்கி நடக்கும் மணிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் பொன்செல்வியும் பிள்ளை நிர்மலாதேவியும் நலம். அங்கே நீரும் உம் வீட்டுக்காரி குருவம்மாள் அக்காவும் உம் நாயும் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. உள்ளதைச் சொன்னால், எனக்கு அலுத்துவிட்டது மச்சான். ஐயப்ப பக்தர்கள் குளித்துப் போன பிறகு அருவிக்கரை எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடக்கிறது என் மனசு.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர். போன் அடித்தால் நீர் எடுப்பதில்லை. சரி, நேரில் பார்ப்போம் என்று இலத்தூருக்கு வந்தேன். கேட் பூட்டியிருந்தது. கூப்பிட்டதும் உள்ளேயிருந்து, "சார் வீட்ல இல்ல" என்று ஒரு குரல் வந்தது. அது உம்முடைய குரல். உம் நாய்கூட வெட்கப்பட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது, உமக்குத் தெரியும். பிழை இருந்தால், நீர் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். எழுதிய தமிழை ஒரு தரம் நினைத்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளும்.

முதலில் இருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீர் நடுவில் இருந்துதான் கோபப்பட்டிருக்கிறீர். நான் காவலும் சமையலும் பார்க்கிற இந்தப் பட அச்சுக்கூடத்துக்கு எங்கெங்கோ இருந்து ஓவியம் படித்த பிள்ளைகள் வந்து சில மாதம் தங்குவார்கள். மரப்பலகையில் உளியால் படம் செதுக்குவார்கள், அதில் மையைத் தேய்ப்பார்கள், மேலே தாளை வைத்து பிரஸ்ஸுக்குள் தள்ளுவார்கள், நான் சக்கரத்தைச் சுற்றுவேன், படம் தாளில் ஏறிவிடும். இத்தனை தாள்தான் அடிப்பது என்று முதலிலேயே முடிவு பண்ணிவிடுவார்கள். ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால், இத்தனையில் இது இத்தனையாவது என்று எண் போட்டுக் கையெழுத்தும் போடுவார்கள். அதோடு சரி, இன்னொன்று அடிக்க மாட்டார்கள். பலகை நன்றாக இருக்கிறது, மை மிச்சம் இருக்கிறது, தாள் இருக்கிறது, சுற்றுவதற்கு ஏமாந்தவன் நான் இருக்கிறேன். இருந்தாலும் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டோடு நிறுத்த வேண்டும். கேட்டால் அதுதான் மதிப்பாம். நம் வீட்டில் உம் தங்கச்சி இப்படி எண் போட்டு இட்லி ஊற்றினால் அவளுக்கு என்ன மதிப்புக் கிடைக்கும் என்று யோசித்துப் பாரும்.

இந்த வருஷம் தங்கியிருக்கிறவள் புனலூர்க்காரப் பிள்ளை ஷஹானா. நீர் ஐப்பசி மழையில் ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, அச்சுக்கூடத்து வராண்டாவில் வந்து உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்தீரே, அன்றைக்குத்தான் அவள் உம்மைப் பார்த்தாள். உடனே தாளும் பென்சிலுமாக ஓடிவந்தாள்.

"மாமா, அனங்கல்லே, அப்படியே இருங்க" என்றாள்.

"மீசை தெரியுதாம்மா?"

"மீசை மட்டுந்தான் மாமா தெரியுது."

அன்றைக்கு நீர் சிரித்த சிரிப்பை நான் பார்த்தேன். காப்பி ஆறி, அதில் ஏடு படிந்து, அந்த ஏட்டில் ஒரு கொசு விழுந்து செத்த பிறகும் நீர் அசையவில்லை. உம் உத்தியோகக் காலத்தில் பந்தோபஸ்து நிற்கும்போது இப்படி நின்றிருந்தால் டி.எஸ்.பி. ஆகியிருப்பீர். அது போகட்டும்.

அவள் அந்தப் படத்தைப் பலகையில் செதுக்கினாள். மீசைக்கு மட்டும் தனி உளி. பன்னிரண்டு தாள் அடித்தோம். வழக்கமாக இதையெல்லாம் சென்னைக்கும் கொச்சிக்கும் அனுப்பி விற்பார்கள். ஆனால் பொன்செல்வியின் கூட்டாஞ்சோற்றை இத்தனை நாள் தின்ற பிள்ளை, நம் நிர்மலாவின் கல்யாணத்துக்கு வேறு என்ன கொடுப்பேன் என்று பன்னிரண்டையும் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "உங்க குடும்பத்துல பன்னிரண்டு வீட்டுக்கும் ஒவ்வொண்ணு கொடுங்க மணிச்சேட்டா" என்றாள். நல்ல மனசு. நல்ல மனசினால் வருகிற கேட்டுக்கு யாரைப் பிடித்துக் கேட்பது என்றுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது கவனமாகப் படியும். கல்யாணப் பத்திரிகையை நான் யார் வீட்டில் முதலில் வைத்தேன்? உம் வீட்டில். வெற்றிலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டில் வைத்து, தாய்மாமன் என்று குனிந்து கொடுத்தேன். குனிந்தபோது பிடித்த இடுப்பு இன்னும் விடவில்லை. அதில் ஒரு குறை உண்டா? படம் மட்டும் அன்றைக்குக் கொடுக்க முடியவில்லை, மை காயவில்லை. மழைக்காலத்தில் அந்த மை காய்வதற்குள் நமக்கு வயசாகிவிடும். காய்ந்த அன்று நான் பந்திக்குக் காய்கறி பேசப் பாவூர்சத்திரம் சந்தைக்குப் போக வேண்டியிருந்தது. போகிற போக்கில் கொடுத்துவிடலாம் என்று படங்களைக் கட்டாக வண்டியில் வைத்துக்கொண்டு போனேன். சந்தையில் நுழைந்ததும் எங்கள் சித்தப்பா பால்வண்ணநாதனின் கடை. மேலே இருந்த தாளை உருவி அவரிடம் கொடுத்தேன். திரும்பி வருகிற வழியில் இருந்த வீடுகளுக்கெல்லாம் மேலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே தென்காசி தாண்டி இலத்தூருக்கு வந்தபோது உம் கையில் வந்தது ஏழு. அது வண்டி போன வழி மச்சான். மரியாதை போன வழி இல்லை.

ஆனால் சித்தப்பா யார் என்று உமக்கும் தெரியும், நீர் யார் என்று அவருக்கும் தெரியும். அம்மன் கோயில் கொடையில் யாருக்கு முதலில் திருநீறு என்று நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டதில், பூசாரி இப்போது இரண்டு கையிலும் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் நீட்டுகிறார். பாவம், அவர் மூக்கில் அரிப்பு வந்தால் சொறிய ஒரு கை இல்லை. அப்படிப்பட்ட சித்தப்பா தாளின் அடியில் இருந்ததைக் கண்ணாடி போட்டுப் பார்த்திருக்கிறார். ஒன்று, ஒரு சாய்ந்த கோடு, பன்னிரண்டு. பன்னிரண்டு வீட்டில் நமக்குத்தான் முதல் மரியாதை என்று அன்றைக்கே சந்தை முழுக்கச் சொல்லிவிட்டார். படத்தைத் தராசுக்கு மேலே மாட்டியிருக்கிறார். மூட்டை தூக்க வருகிறவர்கள், "இது யாரு அண்ணாச்சி, மீசைக்காரரு?" என்று கேட்டால், "யாரோ. நீ நம்பரப் பாருலே" என்கிறாராம்.

இது உம் காதுக்கு வந்ததும் நீர் போனில் பேசியதை நான் மறக்கவில்லை.

"மாப்ளே, படத்துல இருக்கது யாரு மூஞ்சி?"

"உம்ம மூஞ்சிதான் மச்சான்."

"மீசை?"

"அதுவும் உம்மதுதான்."

"அப்போ எம் மூஞ்சிக்கு எனக்கு முன்னால ஆறு பேரு நிக்கானுவளா? அதுல முத ஆளு அந்தக் கத்திரிக்கா ஏவாரியா?"

"மச்சான், அது அடிச்ச வரிசை. எல்லாம் ஒரே பலகை, ஒரே மை..."

"ஸ்டேஷன்ல ரோல்கால் எடுத்தவன்கிட்ட வரிசையப் பத்திப் பேசாதிரும்வே. ஒண்ணாம் நம்பர்காரனையே கூப்ட்டு மணவறையில நிறுத்திக்கிடும். நான் வரல."

அன்றைக்கு வைத்த போன்தான்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர். அடுத்த நாளே சந்தைக்குப் போய், வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் சித்தப்பாவின் காலடியில் உட்கார்ந்து, "சித்தப்பா, ஒண்ணைக் குடுத்துட்டு ஏழை வாங்கிக்கிடுங்க, பிள்ளை கல்யாணம்" என்று கெஞ்சினேன். அவர் பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு பேருக்குத் தக்காளி நிறுத்துப் போட்டார். பிறகு சொன்னார்: "ஏலே மணி, கட்டுன பரிவட்டத்தப் பாதியில அவுத்து அடுத்தவன் தலையில கட்டுவாவளால? மூஞ்சி அவன் மூஞ்சியா இருந்துட்டுப் போட்டும். நம்பரு அம்மன் பாத்து எனக்குக் குடுத்தது." வெங்காயத்தில் கண் எரிந்து எனக்குத் தண்ணீர் வந்தது. நான் அழுகிறேன் என்று நினைத்து மூட்டைக்காரர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார். இந்தக் கல்யாண வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அந்த டீ.

திரும்பி வந்து ஷஹானாவிடம், இன்னொரு தாள் அடித்து ஒன்று என்று எழுதிக் கொடு தாயி என்றேன். பிள்ளை பதறிவிட்டாள். "அய்யோ சேட்டா, அது பற்றில்ல, முடியாது. பன்னிரண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. இன்னொண்ணு அடிச்சா அது கள்ளம்" என்றாள். உம்மைப் போலவே நேர்மையான பிள்ளை. பிறகு அவளே யோசித்து ஒரு தாளை எடுத்து வந்தாள். எண் போட்ட தாள்களுக்கெல்லாம் முன்னால், மை சரியாக ஏறுகிறதா என்று பார்க்க ஓவியர்கள் தங்களுக்காக அடித்து வைத்துக்கொள்ளும் தாளாம் அது. அதற்கு எண் கிடையாது. "இது ஒண்ணுக்கும் முந்தினது சேட்டா. மாமா சந்தோஷப்படுவார்" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒன்றுக்கு முன்னால் இருப்பதை விடப் பெரிய மரியாதை எது? கொண்டுவந்து உம் கேட்டில் பையோடு மாட்டிவிட்டுப் போனேன். சாயங்காலமே அக்காவின் போனில் இருந்து நீர் உம் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னது பக்கத்து வீடுவரை கேட்டது: "ஏட்டி, ஏழாவதாவது வரிசையில நின்னேன். இப்போ நம்பரே இல்லாம வரிசைய விட்டே வெளிய தள்ளிட்டாரா ஒம் புருசன்?"

இதற்கு மேல் மனுஷன் என்ன செய்வான் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஷஹானா, படத்தை விடப் பெரியது பலகைதானே, எல்லாத் தாளுக்கும் அதுதானே தாய், அதையே மாமாவுக்குக் கொடுத்துவிடுவோம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. பேப்பரில் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்ததை அப்படியே பிரிக்காமல் எடுத்துவந்தேன். நீர் வீட்டில் இல்லை, நிஜமாகவே இல்லை, நாய் அமைதியாக இருந்தது. அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அங்கேதான் மச்சான் என் கெட்ட நேரம். சொன்ன எண்ணிக்கை அடித்து முடிந்ததும், இனிமேல் யாரும் திருட்டுத்தனமாக ஒன்று அடித்துவிடக் கூடாது என்று அந்தப் பலகையில் குறுக்கே இரண்டு வெட்டு வெட்டிவிடுவது இவர்கள் தொழிலின் வழக்கமாம். நான் பிரஸ் சுற்றுகிறவன், வெட்டுகிற நேரத்தில் அடுப்படியில் இருந்திருப்பேன். அக்கா ஆசையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். உள்ளே நீர். நெற்றியில் இருந்து தாடைவரை ஒரு வெட்டு, காதில் இருந்து மீசைவரை இன்னொரு வெட்டு.

"ஏட்டி பொன்செல்வி! ஒம் புருசன் எங்க வீட்டுக்காரர வெட்டிப் பார்சல் பண்ணி அனுப்பிருக்காவட்டி!"

போனை உம் தங்கச்சி என் காதில் வைத்தாள். அதற்குப் பிறகு அக்கா சொன்னதை எழுத இந்தத் தாள் தாங்காது. எலுமிச்சம்பழம் வெட்டினார்களாம், மிளகாய் சுற்றிப் போட்டார்களாம், செய்வினை எடுக்கிறவரை இலஞ்சியில் இருந்து கூட்டி வந்தார்களாம். அவர் பலகையைப் பார்த்து, செதுக்கல் நல்ல வேலை என்று பாராட்டிவிட்டுப் போனாராம். பிறகு பலகையை எறியவும் பயம், வைத்திருக்கவும் பயம் என்று, வெட்டு இரண்டிலும் மஞ்சளை அப்பிக் குங்குமம் வைத்துப் பூசையறையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று கேள்வி. காலையும் மாலையும் சூடம் காட்டுகிறார்களாமே. உயிரோடு இருக்கும்போதே இந்தப் பாக்கியம் நம் வட்டாரத்தில் உமக்குத்தான் முதலில் கிடைத்திருக்கிறது. அந்த வகையில் நீர் ஒண்ணாம் நம்பர்தான். ஷஹானா அழாத குறையாகச் சொன்னாள்: "கோடு போட்டது மாமாவை இல்ல சேட்டா, பலகையை." நான் அதை அக்காவிடம் சொல்லப் போகவில்லை. எனக்கும் பயம் உண்டு.

இப்போது என் வீட்டு நிலைமை கேளும். உம் தங்கச்சி என்னோடு பேசுவதில்லை. அப்படியென்றால் வீடு அமைதியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர். அவளுக்குப் பதிலாகப் பாத்திரங்கள் பேசுகின்றன. சட்டி ஒன்று சொன்னால் மூடி இரண்டு சொல்கிறது. குழம்பில் ஒரு நாள் உப்பு இல்லை, மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்து இருக்கிறது. அதை நான் பொறுத்துக்கொள்வேன். நிர்மலாவைத்தான் பார்க்க முடியவில்லை. பட்டு எடுத்தாகிவிட்டது, மண்டபம் பேசியாகிவிட்டது, அவள் எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. முந்தாநாள் அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"அப்பா, மாமா வந்து கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போகாம நான் மணவறைக்கு வர மாட்டேன்."

"வேற யாராவது பெரியவங்க..."

"வேற யாரும் வேண்டாம். சின்னப் பிள்ளையில அருவியப் பாத்துப் பயந்து நான் கத்தும்போ நீங்க சிரிச்சிய. மாமாதான் தோள்ல தூக்கிட்டுத் தண்ணிக்குள்ள போனாவ."

நான் சிரித்தது உண்மை மச்சான். இப்போது சிரிப்பு வரவில்லை. பிள்ளை அதற்குப் பிறகு தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். தேவைக்கு மேல் துருவிவிட்டாள். அதையெல்லாம் துவையலாக்கி இரண்டு நாளாகத் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆகவே கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பன்னிரண்டு வீட்டாரும் அவரவர் படத்தை என் வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். தென்காசியில் படச்சட்டம் போடுகிற ஹுஸைஃபா எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சட்டம் போடுகிறார். முகத்தைச் சுற்றி வெள்ளை அட்டை வெட்டி வைத்தால் அடியில் இருக்கிற எண் அட்டைக்குள் மறைந்துவிடும். எண் அழிவதில்லை, மூடித்தான் இருக்கிறது என்பதால் ஷஹானாவுக்கும் சம்மதம். பந்தல் வாசலில் பன்னிரண்டு சிவனணைந்தபெருமாளும் வரிசையாகத் தொங்குவீர்கள். எது ஒன்று, எது ஏழு என்று அம்மனுக்கே தெரியாது. சித்தப்பாவும் தாளைக் கொண்டுவரச் சம்மதித்துவிட்டார். அவரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாட்டைக் கேட்டால் உம் கோபம் இரக்கமாகிவிடும். எண்ணில் என்ன இருக்கிறது மச்சான்? பென்சிலால் போட்ட ஒரு கோடு. அதற்காகப் பிள்ளை மணவறைக்கு வெளியே நிற்பதா? உம் ஏழாம் எண் படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, மனசில் இருக்கிறதை இலத்தூரிலேயே வைத்துவிட்டு, உடனே புறப்பட்டு வாரும்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும், தள்ளி நின்று சொல்லும். பூசையறையில் இருக்கும் உமக்கும் என் கும்பிடு. உம் மீசை நீண்டு, ஆயுள் அதற்கும் மேல் நீண்டு, என் பேரப்பிள்ளைக்குக் காது குத்தும்போதும் நீரே மடியில் வைத்து உட்கார அம்மன் அருளட்டும்.

இப்படிக்கு,
இனி ஓட முடியாத
மணிமுத்து

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை மடித்து ஒட்டுவதற்குள் வாசலில் உம் புல்லட் சத்தம் கேட்டது. "தாய்மாமன் இல்லாம என்ன கல்யாணம் மாப்ளே, நம்பர்ல என்ன இருக்கு?" என்று நீர் சொன்னதும் நிர்மலா ஓடிவந்து உம் கையைப் பிடித்துக்கொண்டாள். உம் தங்கச்சி அழுதுகொண்டே அடுப்படிக்குள் போனாள், பாத்திரங்கள் வாயை மூடிக்கொண்டன. இனி இந்தக் கடிதம் எதற்கு, கிழித்து அடுப்பில் போடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது நீர் கையோடு சுருட்டிக் கொண்டுவந்திருந்த உம் படத்தைப் பிரித்து முன்னறை நாற்காலியில் நிமிர்த்தி வைத்தீர். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஏழின் தலையை ரப்பரால் தேய்த்து எடுத்திருக்கிறீர். உடம்பு மட்டும் ஒன்றாக நிற்கிறது. தேய்த்த இடத்தில் தாள் பளபளக்கிறது. எத்தனை கள்ளக் கையெழுத்துக் கேஸ் பிடித்தவர் நீர்! ஆகவே, படத்தோடு வாரும் என்று மேலே எழுதியதையும், எண்ணில் என்ன இருக்கிறது என்று எழுதியதையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளும். ஷஹானா கொல்லைப்பக்கம் பொன்செல்வியோடு பேசிக்கொண்டிருக்கிறாள், எந்த நிமிஷமும் முன்னால் வருவாள். இந்தக் கடிதத்தைக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்து நிர்மலாவிடம் கொடுத்துவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு படிக்கலாம், இதை மட்டும் உடனே படியும். படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு அதன்மேல் உம் துண்டைப் போடும். அடுப்படி ஜன்னல் வழியாக வாசல் தெரிகிறது. சித்தப்பா பைக்கை நிறுத்திவிட்டார். ஒண்ணாம் நம்பரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.